தேடுபெட்டி இருந்தாலும் பகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘எல்லாமே தேடினால் கிடைக்கிறது, இனி நூல்களையும் கோப்புகளையும் பொருள்வாரியாகப் பகுத்து வைப்பது வீண்வேலை’ என்ற கருத்து அண்மையில் உங்கள் இதழில் வெளிவந்தது. பல ஆண்டுகள் நூல்களுக்குப் பகுப்பு எண் போட்டவன் நான். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பெரும்பாலான நூலகப் பட்டியல்களிலும் அலுவலகக் கணினிகளிலும் தேடல் என்பது நாம் தட்டும் எழுத்துகளைப் பொருத்திப் பார்ப்பதுதான். ஒருவர் ‘சர்க்கரை நோய்’ என்று தட்டுகிறார். தலைப்பில் ‘நீரிழிவு’ என்றுள்ள அருமையான நூல் அவர் கண்ணில் படாமலே போய்விடும். தலைப்பில் நோயின் பெயரே இல்லாத நூலுக்கும் அதே கதிதான். நூலகங்களில் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் இவை எல்லாமே 616.462. தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒரு நூலைத் தேடி வந்தவர், அதுவரை கேள்விப்படாத இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த வாசகருக்காகத்தான் பகுப்பு.

பகுப்பது எளிதல்ல என்பதும் உண்மை. 1876-இல் வெளியான டூயி முறை, எந்தத் துறை என்றுதான் முதலில் கேட்கும். அதனால் குழந்தையின் மனம் 155.4, நோய் 618.92, வளர்ப்பு 649 என்று குழந்தை பற்றிய நூல்கள் வெவ்வேறு அலமாரிகளுக்குப் போய்விடும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு வேறு வழியில் சென்றது. ‘இந்தியாவில் 1950-இல் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை’ என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். உறுப்பு, நோய், சிகிச்சை, இடம், காலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்து, அப்புறம் அவற்றைக் கோத்துவிடுவார். இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டித் தேடுகிறோமே, அதுவும் இதே வழிதான்.

செய்தித்தாள்களின் இணையக் காப்பகங்களைப் பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. ஒரே நிகழ்வுக்கு ஒரு நாள் ‘வெள்ளம்’, மறுநாள் ‘வெள்ளப்பெருக்கு’, அப்புறம் ‘கனமழை’ என்று குறிச்சொல் மாறுகிறது. போடுபவரைக் குறை சொல்ல மாட்டேன்; எந்தச் சொல்லைப் போடுவது என்ற பட்டியல் அவர் கையில் இல்லை. ஒரு பொருளுக்கு ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள். மற்ற சொற்களைத் தட்டினால் ‘காண்க’ என்று அங்கே அனுப்புங்கள். இடத்தையும் ஆண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். பழைய செய்திகள் முழுவதையும் திருத்த முடியாவிட்டாலும், இனி வருபவற்றிலாவது இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்