தபேலா அண்ணனுக்கு, ரிதம் பேடை விக்கிறதுக்கு முன்னாடி

அண்ணே,

என் ரிதம் பேடை விக்கப்போறேன், குச்சியால தட்டுனா ட்ரம்ஸு, தபேலான்னு சவுண்டு குடுக்குற அந்த எலக்ட்ரானிக் பேடத்தான். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தம்பி வந்து எடுத்துட்டுப் போறான், அட்வான்ஸ் வாங்கியாச்சு. போன்ல சொல்லலாம்னா நீங்க எடுக்க மாட்டீங்க, வாட்ஸப்புல ஒத்த டிக்கோட நிக்குது, அதான் இங்க எழுதுறேன். உங்க பொண்ணு இதெல்லாம் படிக்கும்னு தெரியும். பாப்பா, அப்பாகிட்ட கண்ணாடிய எடுத்துக் குடுத்து முழுசா படிக்கச் சொல்லும்மா, பாதில போன வெச்சிட்டு டீ குடிக்கப் போயிருவாரு.

நம்ம மெல்லிசைக் குழு பேரு, ஊரு, ஓனர் பேரு எதுவும் எழுதல. மத்தவங்களும் படிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியும், போதும்.

விக்கிற காரணமும் உங்களுக்குப் புதுசில்ல. 2020, 2021ல மதுரைச் சித்திரைத் திருவிழாவே ஜனங்க இல்லாம நடந்துச்சு, நம்மெல்லாம் எந்த மூலைக்கு. அதுக்கப்புறம் மேடை திரும்ப வந்துச்சு, நம்ம பதினோரு பேரு திரும்ப வரல. இப்ப ஒரு லேப்டாப்பு, ரெண்டு பாடகருங்க, பேருக்கு ஒரு கீபோர்டு. ட்ராக்க ஓட விட்டா ரெக்கார்டு மாதிரியே இருக்குன்னு கை தட்டுறாங்க. போன பங்குனில ஒரு ஊர்ல ப்ரோகிராம் நடத்துனவரு என்னைய கூப்ட்டு உக்கார வெச்சு, "நீ சும்மா அடி தம்பி, கேபிள் வேணாம், மேடை நெறஞ்ச மாதிரி இருக்கும்"னாரு. மூணு மணி நேரம் சத்தமே வராத பேடை அடிச்சேண்ணே. பத்து மணிக்கு ஸ்டேஷன்லருந்து ஆள் வந்து மைக்க நிப்பாட்டச் சொன்னப்ப கூட்டமே கத்துச்சு, நான் மட்டும் அப்பாடான்னு குச்சிய கீழ வெச்சேன்.

சிரிப்பீங்க. சிரிச்சுக்கங்க.

நேத்து அந்த தம்பிக்குக் காட்டணும்னு பேடை வெளிய எடுத்து அதுல ஏத்தி வெச்சிருக்குற சவுண்டு செட்டுங்கள, ஒவ்வொரு கிட்டா தட்டிப் பாத்தேன். இருபத்தேழாம் நம்பர் வந்துச்சு. உங்க தபேலா சொல்லு, 'நா'. அடிச்சதும் கூடவே அந்த க்ளிக்கு. அதோட கை நின்னுருச்சு.

2013 புரட்டாசி, ப்ரோகிராம் இல்லாத மாசம். உங்க வீட்டு முன்ரூமு. என் பழைய பேடு எஸ்பிடி ட்வென்டில கம்பெனிக்காரன் போட்ட தபேலா இருந்துச்சே, அத நீங்க "தகர டப்பா"ன்னு சொல்லிச் சொல்லியே எனக்கும் புடிக்காமப் போச்சு. புதுசுல நம்ம சவுண்ட நம்மளே ஏத்திக்கலாம்னதும் நேரா உங்ககிட்டதான் வந்தேன், வேற யாருகிட்ட போவேன். ஒரே ஒரு மைக்கு, சின்ன மிக்ஸரு, பேடு. ஃபேன் சத்தம் விழுதுன்னு ஆஃப் பண்ணுனோம், நீங்க சட்டைய கழட்டிட்டு தோள்ல துண்டோட உக்காந்தீங்க. அண்ணி குக்கர் விசில் வந்துரக் கூடாதுன்னு அடுப்ப அணைச்சிட்டு, சோறு வேகாட்டி என்னைய கேக்காதீங்கன்னுட்டு வாசப்படில போய் உக்காந்துச்சு. நீங்க சுத்தியால கட்டைய ரெண்டு தட்டு தட்டி, விரல வெச்சுப் பாத்து, மறுபடி ஒரு தட்டு தட்டி, பத்து நிமிசம் சுருதி சேத்தீங்க. ரெக்கார்டு பண்றதுக்குத்தானேண்ணே, சுருதிய பேட்லயே மாத்திக்கலாம்னேன். திரும்பிக்கூட பாக்கல நீங்க.

மெதுவா ஒரு 'நா', நடுத்தரமா ஒண்ணு, ஓங்கி ஒண்ணு. எதுக்குடா ஒரே சொல்ல மூணு வாட்டின்னீங்க. ஒரே சவுண்டு அடுத்தடுத்து வந்தா மிஷின்னு தெரிஞ்சிரும்ணேன்னேன். "ஒரே மாதிரி ரெண்டு வாட்டி வாசிக்க எனக்கே வராதேடா"ன்னு அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் 'தின்'. அப்புறம் இடது கை டக்கால 'கே' நாலு விதமா, மணிக்கட்ட அழுத்தி இழுக்குற கும்கி ரெண்டு. வலது கைல செம்புக் காப்பும் ஐம்பொன் காப்பும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருந்துச்சு. கழட்டிருங்கண்ணேன்னேன். இது கழண்டா கை வராதுன்னுட்டீங்க. வேர்வை தாடைலருந்து டக்கா மேல ஒரு சொட்டு விழுந்துச்சு, அத உள்ளங்கையால தொடைச்சிட்டு, "போட்டுக்கடா, நான் லீவு போட்டா என் கையாச்சும் மேடைல இருக்கட்டும்"னீங்க.

அண்ணே, அத நீங்களே சொன்னீங்க. நான் திருடல. டீக்கடை, மைக்செட் கடை, கல்யாண மண்டப வாசல்னு ஒரு எடம் விடாம "என் கைய வெட்டி எடுத்துட்டுப் போய்ட்டான்"னு சொன்னீங்களே, எங்கப்பா செத்ததுக்கு தெருமுனை வரைக்கும் வந்துட்டு என் மூஞ்சில முழிக்காம திரும்பிப் போனீங்களே, அது ரொம்ப அதிகம்.

ஆனா ஒண்ணு நீங்க தப்பாத்தான் நெனச்சிட்டு இருக்கீங்க. ஓனர்தான் ப்ளான் பண்ணி என்னைய ரெக்கார்டு பண்ண அனுப்பி வெச்சாருன்னு. இல்ல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நாந்தான் காட்டுனேன். தை மாசம் ஒரு ரிசப்ஷன், சவுண்டு செக்குல நீங்க இன்னும் வரல, பஸ் லேட்டு. "அண்ணன் தபேலா இதுலயே இருக்குங்க"ன்னு நாலு தட்டு தட்டிக் காட்டுனேன். பெருமைக்குத்தான் காட்டுனேன், சத்தியமா. அவரு கண்ணாடிய கழட்டிட்டு என்னையே பாத்தாரு. அந்த பார்வைலயே குழுவுல உங்க கணக்கு முடிஞ்சிருச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சுண்ணே, தெரியலன்னு சொன்னா பொய்யி. அடுத்த மாசம் கவர்ல நைட்டுக்கு முன்னூறு ரூவா சேத்து இருந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கல. பேடு வட்டிக்கு வாங்குன காசுல வந்தது, வீட்ல சின்னது பொறந்திருந்துச்சு, கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும், நான் வேணாம்னா இன்னொருத்தன் வந்திருப்பான், இப்படியே பத்து வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன். மன்னிச்சிருங்க. மேல சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனாலும் மன்னிச்சிருங்க.

நீங்க மட்டும் என்னன்னு கேக்கவும் தோணுது. 92க்கு அப்புறம் ரகுமான் பாட்டு வந்து ஓனருங்கெல்லாம் பேடு தேடி அலைஞ்சப்ப, ஆள் குறைக்கணும்னதும் டோலக்கையும் நானே பாத்துக்கறேன்னு சொன்னது யாரு? அந்த டோலக் பெரியவரு அப்புறம் என்ன ஆனாருன்னு நீங்களே ஒரு தடவ வேன்ல சொல்லிருக்கீங்க. வேணாம், அவரு பசங்களும் இத படிக்கலாம். விட்டுர்றேன்.

உங்க 'நா' இருந்துச்சு, 'தின்' இருந்துச்சு, ஆனா வாசிப்பு இல்லண்ணே, அத எந்த ஓனர்கிட்ட போய் சொல்றது. ரெண்டாவது இன்டர்லூடு முடியப் போறப்ப உங்க இடது தோள் லேசா முன்னாடி சாயும்ல, அதப் பாத்துத்தான் நான் ரோல் எடுப்பேன், அந்த தோள் சாய்றதுல எவ்ளோ அவசரம் இருக்கோ அவ்ளோ நீளம் என் ரோலு. பேஸ் கிட்டார் தம்பி என்னையப் பாப்பான், கீபோர்டு அவனப் பாக்கும், பாடுறவரு யாரையும் பாக்காமலே கரெக்டா சரணத்துல வந்து விழுவாரு. ஒரு தடவ பனி எறங்கி உங்க தபேலா தோலு தொஞ்சு சுருதி எறங்கிருச்சு, நீங்க பாட்டு நிக்காம இடது கையால தாளத்த ஓட்டிக்கிட்டே வலது கையால கட்டைய தட்டி ஏத்துனீங்க, கூட்டத்துல ஒருத்தனுக்கும் தெரியல, எங்க நாலு பேருக்கு மட்டும் தெரிஞ்சுது, நாலு பேரும் சிரிச்சோம். இப்பவும் ரெண்டாவது இன்டர்லூடு வந்தா இடது பக்கம் திரும்பிடறேன். அங்க லேப்டாப் டேபிள் இருக்கு.

அந்த தம்பி நேத்து வந்து முதல்ல தட்டுனதே இருபத்தேழத்தான். "இது கம்பெனி சவுண்டா அண்ணே, கூட என்னமோ க்ளிக்குன்னு கேக்குது"ன்னான். இல்லப்பான்னு மட்டும் சொன்னேன். பேடோட சேத்து அந்த கிட்டையும் குடுங்கன்னு கேக்குறான்.

எனக்கு ஒரு காப்பி எடுத்து பென்டிரைவ்ல வெச்சிருக்கேன், அத உங்க பொண்ணு கேட்டாலும் குடுப்பேன். பேடுல இருக்கறத நான் முடிவு பண்றதா இல்ல, ஒரு தடவ பண்ணுனது போதும். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் போன பக்கத்துலயே வெச்சிருப்பேன். பேச வேணாம், மிஸ்டு கால் போதும். ஒண்ணு குடுத்தீங்கன்னா அழிச்சிடறேன், ரெண்டு குடுத்தீங்கன்னா அப்படியே அவனுக்குக் குடுத்துடறேன். ஒண்ணுமே வரலன்னா என்ன செய்யறதுன்னு இன்னும் யோசிக்கல.