ரைபிள் சங்க ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்த உறுப்பினர்களே, பயிற்சி பெறும் மாணவ மாணவியரே, அவர்களை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில், நம் சங்கத்துக்கு இனி எந்த ரைபிள் வாங்குவது என்ற பேச்சு எழுந்து, ஆளுக்கொரு பெயர் சொல்லி, நேரம் போதாமல் முடிவெடுக்காமலே கலைந்தோம். ஆகவே இந்த ஆண்டு முழுவதும் நம் அலமாரியில் உள்ள ஒவ்வொரு ரைபிளும் யார் கையில் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பதிவேட்டில் குறித்து வந்தேன். அறிக்கையின் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளிலிருந்தே வருகிறது.

ஆண்டின் தொடக்கமே நமக்குச் சிரமமாக அமைந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்காக 2024 மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும், உரிமம் பெற்ற ஆயுதங்களை ஒப்படைக்கும் வழக்கப்படி நம் உறுப்பினர்களின் பாயின்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிள்களும் போயின. தேசிய அளவில் போட்டியிடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு. அந்த நிலைக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் நம் இளைஞர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஜூன் மாதம் வரை 50 மீட்டர் தளத்தில் புல்தான் வளர்ந்தது. சட்டத்தை மதித்தே நடந்தோம் என்றாலும், பயிற்சியின் நடுவில் இரண்டரை மாதம் ரைபிளைத் தொடாமல் இருந்தவரின் தோளும் கண்ணும் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு பாடுபட்டன என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை இங்கே பதிவு செய்கிறேன். ஏர் ரைபிள் தளம் மட்டும் தடையின்றி நடந்தது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை.

இனி ரைபிள்களுக்கு வருகிறேன். நம்மிடம் உள்ளவற்றில் வயதில் மூத்தது பைன்வெர்க்பாவ் 300 எஸ். பக்கவாட்டு நெம்புகோலை இழுத்துச் சுருள்வில்லை இறுக்கிச் சுடும் பழைய வகை. சாதாரணச் சுருள்வில் ரைபிளில் விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் பாய்கிறது. பெல்லட் என்னும் சிறு ஈயக்குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் உதறிவிடுகிறது. 300 எஸ் ரைபிளிலோ, குழலும் இயந்திரமும் சேர்ந்து தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையின்மேல் ஒரு தண்டவாளத்தில் சறுக்கிப் பின்வாங்குவதால், அந்த உதறல் தோளுக்கு வந்து சேர்வதில்லை. காற்றடைத்த சிலிண்டரும் வேண்டாம், அதை நிரப்பும் கம்ப்ரசரும் வேண்டாம், மின்சாரம் நின்றாலும் கவலை இல்லை. மூத்த உறுப்பினர்கள் பலரும் அதை விட்டுக்கொடுக்காததன் காரணம் பழம்பாசம் மட்டுமன்று என்பதை, இவ்வாண்டு வாஷரும் சுருள்வில்லும் மாற்றியபின் அது காகிதத்தில் காட்டிய ஒழுங்கே சொல்லியது. ஆனால் ஒவ்வொரு சுடலுக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டியிருப்பதால், 60 முறை சுடும் போட்டியில் சிறுவர்களின் கை தளர்ந்துவிடுகிறது. அதனால் அதைப் பெரியவர்களின் பயிற்சிக்கென ஒதுக்கியுள்ளோம்.

இன்று போட்டிகளில் நிற்பவை அழுத்தக் காற்று ரைபிள்களே. வால்தர் எல்ஜி 400, அன்ஷூட்ஸ் 8002, பைன்வெர்க்பாவ் 800 ஆகிய பெயர்களைச் சென்ற கூட்டத்தில் எல்லோரும் சொன்னீர்கள். மூன்றும் ஜெர்மனியில் செய்யப்படுபவை, மூன்றும் வேலை செய்யும் விதம் ஏறத்தாழ ஒன்றே. 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டரிலிருந்து ஒவ்வொரு முறையும் அளவாகக் காற்றை எடுத்து, அரை கிராம் எடையுள்ள தட்டைத்தலை ஈய பெல்லட்டை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகின்றன. பத்து மீட்டருக்கு அப்பால், டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்தாம் வளையமோ அரை மில்லிமீட்டர் புள்ளி, அதாவது பெல்லட்டின் குறுக்களவில் ஒன்பதில் ஒரு பங்கு. மின்னணு டார்கெட்டில் தசமப் புள்ளி வரை கணக்கிடுவதால், ஒரு சுடலுக்கு அதிகபட்சம் 10.9, அறுபது சுடலுக்கு 654. ரைபிளைக் கவ்வியில் பொருத்திச் சுட்டால் இம்மூன்றுமே ஒரே துளையில் போட்டுக்கொண்டிருக்கும். எனவே எது துல்லியமானது என்ற கேள்வியில் நாம் செலவழித்த நேரம் வீண் என்றே என் குறிப்புகள் சொல்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி, அது யார் உடம்பில் பொருந்துகிறது என்பதுதான்.

இதற்கு ஒரு நேர்ச்சான்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர், பள்ளத்தையும் முனையையும் சேர்த்துக் குறிபார்க்கும் ஓப்பன் சைட் பிரிவில் நம் நாட்டுத் தயாரிப்பு ரைபிளில் நன்றாகச் சுட்டுவந்தவர், ஆகஸ்ட் மாதத்தில் சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டுக்கு மாறினார். அலமாரியில் இருந்ததிலேயே புதிய ரைபிளைக் கொடுத்தோம். ஆறு வாரம் ஆகியும் அவருடைய ஐந்து சுடல்கள் ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குச் சிதறின. பெண்ணுக்குக் கவனம் போதவில்லை என்று நாங்களே பேசத் தொடங்கிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி முடிந்து ரைபிளை வைத்தவரின் வலது கன்னத்தில் எலும்பின்மேல் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருப்பதைப் பயிற்றுநர் பார்த்தார். கட்டை அவருக்கு நீளம் அதிகம். பீப் சைட்டைக் கண் எட்டுவதற்காகக் கழுத்தை முன்னே நீட்டி, கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே சுட்டிருக்கிறார். இடது முழங்கை இடுப்பெலும்பின்மேல் அமராமல் வயிற்றில் மிதந்திருக்கிறது. பயிற்றுநர் ஆலன் கீயை எடுத்து, தோளில் பதியும் பட் பிளேட்டை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, கன்னக்கட்டையைச் சிறிது உயர்த்தி, குழல்முனையில் இருந்த எடைகளைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது டார்கெட்டின் கருவட்டம் சைட் வளையத்தின் நடுவிலேயே நின்றது. அன்று அவர் சுட்ட கடைசி ஐந்தும் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கின. அந்தக் காகிதம் தேதியுடன் பதிவேட்டில் ஒட்டப்பட்டுள்ளது, விரும்புவோர் பார்க்கலாம்.

ஆறு வாரம் ஒரு குழந்தையின் கவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதில் செயலாளருக்கும் பங்குண்டு. அதற்குப் பிறகு, ஒவ்வொரு மாணவருக்கும் பட் பிளேட்டின் நீளம், கன்னக்கட்டையின் உயரம், கைப்பிடியின் சாய்வு, எடை ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிவைத்து, ஒரு ரைபிளை இருவர் பகிரும்போது அட்டையைப் பார்த்து மாற்றியமைத்த பின்னரே முதல் பெல்லட்டை இடவேண்டும் என்ற விதியைச் செயற்குழு கொண்டுவந்தது. இதனால் தினமும் பத்து நிமிடம் போகிறது என்று சிலர் வருந்துகிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் பயிற்சியின் பகுதியே என்பது என் உறுதியான கருத்து.

சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் பழைய ரைபிளை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு போட்டிக்குச் சென்றார். கருவிச் சோதனையில் அவருடைய சிலிண்டர் தயாரான நாளிலிருந்து பத்தாண்டைக் கடந்திருப்பது தெரிந்து, அதைப் பயன்படுத்த விடவில்லை. விதி அப்படித்தான், சோதித்தவர்கள் மீது குறையில்லை. அழுத்தக் காற்று அடைத்த உலோகம் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த மாதத்தையும் ஆண்டையும் பார்க்கவில்லை. நம் சங்கத்துச் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மறுவாரமே எடுத்துப் பார்த்ததில், ஒன்று முடிவுத் தேதியை நெருங்கியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டோம்.

ஐம்பது மீட்டர் தளத்தில் நம் உறுப்பினர்களின் விருப்பத்துக்குரியது அன்ஷூட்ஸ் நிறுவனத்தின் 1913 என்ற எண் கொண்ட ரைபிள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ரைபிளின் அடிப்படையான, 1954இல் வந்த மேட்ச் 54 இயந்திர அமைப்பு, அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகப் போட்டிகளில் நிற்கிறது. ஆயினும் பாயின்ட் 22இல் ரைபிளைவிடத் தோட்டாவே அதிகம் பேசும். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர் கொண்ட தோட்டாவாயினும், ஒன்றாகத் தயாரித்த ஒரு தொகுதி ஒரு குழலுக்குப் பிடிக்கும், அடுத்த தொகுதி பிடிக்காது. டிசம்பரில் மூன்று தொகுதிகளை வைத்துச் சோதித்ததில், விலை குறைந்த தொகுதியே நம் ரைபிளில் நெருக்கமாக விழுந்தது. பத்தாம் வளையம் இங்கே 10.4 மில்லிமீட்டர் என்றாலும், காற்று வீசும் நாளில் அது பத்து மீட்டர் புள்ளியைவிடச் சிறியதாகத் தோன்றும். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் இந்தப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றதை நம் அலுவலக அறையில் கூடியிருந்து பார்த்தோம். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதுவரை ஏர் ரைபிளை மட்டுமே கேட்டுவந்த மாணவர்கள், மறுநாளே மண்டியிடும் நிலைக்கான உருளைத் திண்டு எங்கே என்று கேட்டு வந்தார்கள். பெய்ஜிங்கில் 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் பெற்ற வெண்கலமும் பத்து மீட்டர் தளத்தை நிறைத்தன. கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் பெயரைச் சொல்லித்தான் நம் மாணவியர் பலரும் விண்ணப்பமே தருகிறார்கள்.

ஜனவரியில் மூத்த உறுப்பினர் ஒருவர் வேட்டை ரைபிள்களைப் பற்றி உரையாற்றினார். தந்தை வழியாக அவருக்கு வந்த பாயின்ட் 315 ரைபிளை முன்வைத்துப் பேசினார். இராணுவத்தின் பாயின்ட் 303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஆங்கில அரசு கருதியதால், வேறு அளவில் எட்டு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமைந்தது அது. விடுதலைக்குப் பின் நம் ஆயுதத் தொழிற்சாலைகளும் அதே அளவைத் தொடர்ந்தன. நாள் முழுக்கத் தோளில் சுமந்து, குளிர்ந்த குழலோடு, ஒரே ஒரு முறை சரியாகச் சுட வேண்டியது வேட்டை ரைபிள். ஐந்து கிலோவைத் தொடும் எடையோடு ஓரிடத்தில் நின்று, அறுபது முறையும் ஒன்றுபோலவே சுட வேண்டியது இலக்கு ரைபிள். ஒன்றின் அழகை மற்றதில் தேடக்கூடாது என்று அவர் விளக்கியது இளையவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் அந்த ரைபிள் காட்டுக்குப் போனதில்லை. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்களே கூடித் தொடங்கிய சங்கம் இன்று காட்டுயிர்களைக் காக்கும் சங்கமாக நிற்பதையும் அவர் நினைவூட்டினார். இதை ஒட்டி ஒன்றைக் கண்டிப்புடன் அறிவிக்கிறேன். இவ்வாண்டு தளத்தின் வேலியோரம் வந்த கொக்கை நோக்கி ஏர் ரைபிளைத் திருப்பிய இளைஞர் ஒருவரின் உறுப்பினர் உரிமை அன்றே நீக்கப்பட்டது. அவர் சுடவில்லை, திருப்பினார். அதுவே போதும்.

பராமரிப்பில், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடற்காற்றின் உப்பு நம் இரும்பையெல்லாம் தின்னப் பார்த்தது. அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வாரந்தோறும் மாற்றினோம். கம்ப்ரசரின் ஈரப்பத வடிகட்டியும் மாற்றப்பட்டது. பெல்லட் ஈயம் என்பதால், சுட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் தின்பண்டம் தொடக்கூடாது என்ற விதியைப் பெற்றோர் வீட்டிலும் வலியுறுத்த வேண்டுகிறேன்.

முடிவாக, செயற்குழுவின் சார்பில் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். ரைபிள் நிதியில் சேர்ந்துள்ள தொகையைக் கொண்டு உயர்விலைப் புது ரைபிள் ஒன்றை வாங்குவதா, அல்லது சிறுவர் உடலுக்கேற்ற குட்டைக் கட்டையுடன் கூடிய பயன்படுத்திய ரைபிள்கள் இரண்டை, சிலிண்டர் தேதி சரிபார்த்து வாங்குவதா என்பதே கேள்வி. செயற்குழு பெரும்பான்மையாக இரண்டாவதைப் பரிந்துரைக்கிறது, செயலாளரும் அதையே மனமார ஆதரிக்கிறேன். பயிற்சிக்கு வரும் சிறுவர்களில் நான்கு பேருக்கு இன்றைய நாளில் நம் அலமாரியில் பொருந்தும் கட்டை ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய அளவு அட்டைகளை மேசைமேல் வைத்துள்ளேன். வாக்கெடுப்புக்கு முன் அவற்றை ஒருமுறை பார்த்துவிடும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
செயலாளர்