நிற்கிற ஆழத்தில் தொடங்குங்கள்: ஹேவ்லாக் டைவிங் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

வணக்கம். உங்கள் அந்தமான் தீவை, 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய பிறகும், ஹேவ்லாக் என்றே சொல்லிக்கொண்டு ஸ்கூபா டைவிங்குக்காகச் சென்னையிலிருந்து வந்து இறங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. முதல் தடவை நான் வந்தபோது நீமோ ரீஃப் என்கிற பவளப்பாறைப் பகுதிக்குக் கரையிலிருந்து நடத்திக் கூட்டிப்போய், இடுப்பளவுத் தண்ணீரில் மண்டி போட வைத்து, வாயால் மூச்சு விடப் பழக்கி, நானாகத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே அழைத்துப் போனார்கள். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஜனவரியில் என் தங்கையைக் கூட்டி வந்தேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. அதை முதலிலேயே சொன்னோம், பரவாயில்லை என்றார்கள்.

காலை நேரமெல்லாம் நிரம்பிவிட்டது என்று மத்தியானம் இரண்டரை மணிக்கு வரச் சொன்னார்கள். அமாவாசைக்கு மறுநாள். உங்கள் கிழக்குக் கரையில் அந்த நேரத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் வற்றிப்போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை ஏற்றத்தில் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்போம். அப்படிச் சொல்லாமல், படகில் போகலாம், அங்கே மீன் இன்னும் நிறைய என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் தூத்துக்குடிக்காரி. அமாவாசையை ஒட்டி நீவாடு, அதாவது நீரோட்டம், பலமாக இருக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் இவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

படகு ஆடுகிறது. காலுக்குக் கீழே தரை இல்லை. கயிற்றைப் பிடித்து இறங்கச் சொன்னார்கள். இன்ஸ்ட்ரக்டர் தங்கைக்குப் பின்னால், ஒரு கையில் அவள் சிலிண்டரையும் மறு கையில் கயிற்றையும் பிடித்தபடி இறங்குகிறார். விட்டால் இரண்டு பேரையும் நீரோட்டம் இழுத்துவிடும். மூன்று மீட்டர் போனதும் அவளுக்குக் காது வலி. சொல்லிக்கொடுத்தபடியே கையை விரித்து ஆட்டினாள், காதைச் சுட்டிக் காட்டினாள். அவரோ அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார், அவர் கண்ணுக்கு அந்தக் கை தெரியவே இல்லை. கயிற்றில் நான்கு ஆள் தள்ளி மேலே இருந்த நான் பார்த்தேன். தண்ணீருக்குள் எப்படிக் கத்துவது? நான் இறங்கிப்போய் அவர் தோளைத் தட்டுவதற்குள் ஏழு மீட்டர். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது உள்ளே மூக்கிலிருந்து வந்த ரத்தம் கடல்தண்ணீரோடு கலந்து ரோஸ் நிறத்தில் நின்றது. நடுக்காதில் ரத்தம் கட்டியிருக்கிறது, வடியும்வரை விமானம் ஏறக்கூடாது என்றார் டாக்டர். ஒன்பது நாள் காத்திருந்தோம். இன்றைக்கும் இடது பக்கம் படுத்தால் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது என்கிறாள்.

அந்த இன்ஸ்ட்ரக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கையும் மாட்டிக்கொண்ட மனிதர் என்ன செய்வார்? தவறு, இறங்குவதற்குத் தேர்ந்த இடத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், அதனால் காதுக்குச் சோதனையே முதல் சில மீட்டரில்தான். சரிவான மணல்தரையில் இருந்தால் வலித்த இடத்தில் நின்று, அரை மீட்டர் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து ஊதிக் காது அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளலாம். எதிரில் மண்டி போட்டிருக்கும் இன்ஸ்ட்ரக்டர் முகத்தைப் பார்ப்பார். கயிற்றில் தொங்குகிறவளுக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். முதல் தடவை இறங்குகிறவரை நிற்கிற ஆழத்தில், மணலில், அலை அடங்கிய இடத்தில் தொடங்குங்கள். அன்றைக்கு அப்படி இடம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) விதிப்படி அறிமுக டைவுக்கு எல்லை 12 மீட்டர். அது எல்லைதான், அவ்வளவு ஆழம் போயே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கோமாளி மீனும் கடல்சாமந்தியும் நான்கைந்து மீட்டரிலேயே இருக்கின்றன, வெளிச்சம் அங்கேதான் அதிகம், சிவப்பு நிறம் கீழே போகப் போக மங்கிவிடும். நீங்கள் பிடித்துத் தருகிற வீடியோகூட மேலேதான் நன்றாக வரும். தாய்லாந்தில் கோ தாவோ தீவின் மாங்கோ பே போன்ற ஒதுக்கமான விரிகுடாக்களுக்குப் புதியவர்களைக் கொண்டுபோவதன் காரணமும் அங்கே ஆழம் குறைவு, அலை அடங்கியிருக்கும் என்பதுதான். உங்களிடம் அந்த மாதிரி இடம் இல்லாமலா இருக்கிறது? கரையிலிருந்தே நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அப்புறம், அடி மணலாக இருந்தால் புதியவர் உதைக்கிற உதையில் பவளமும் உடையாது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறியதில் வெளுத்துப்போய் அடிபட்ட பவளம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. உடல்நலப் படிவத்தை நீட்டும்போது, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போடுங்கள், நேரமாகிறது என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. போன வாரம் சளி பிடித்திருந்ததா என்று அங்கே ஒருவர் நிதானமாகக் கேட்டிருந்தால் தங்கை ஆமாம் என்றிருப்பாள். சளி இருந்தால் மூக்கைப் பிடித்து ஊதினாலும் காது எளிதில் திறக்காது. கடலைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். நாங்கள் ஒரு நாள் வருகிறவர்கள், எது லேசான இடம், எது அல்ல என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களை நம்பித்தானே மூச்சையே ஒரு குழாயில் ஒப்படைக்கிறோம்!

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். முந்தின நாள் சாயங்காலமே எந்த இடம், எவ்வளவு ஆழம், ஏற்றம் எத்தனை மணிக்கு என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள். முதல் தடவைக்காரரை நிற்கிற ஆழத்தில் தொடங்குங்கள். தயவுசெய்து.

தங்கைக்குக் கோமாளி மீனைப் பார்க்கிற ஆசை இன்னும் போகவில்லை. டாக்டர் சரி என்று சொன்னதும் மறுபடி வருவோம். நாளைக்கு வாருங்கள், இன்றைக்குக் கடல் சரியில்லை என்று எந்தக் கடை சொல்கிறதோ அந்தக் கடையில்தான் பணம் கட்டுவோம்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு அக்கா