யாருடைய உழைப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் செனட்டர் ஐமி மார்க்கோஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், இளைஞர் அமைப்பில் தொடங்கி 'சொந்த உழைப்பால்' இலோகோஸ் நோர்த்தே மாகாண ஆளுநராக உயர்ந்தவர் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்த இளைஞர் அமைப்பை 1975-ல் ராணுவச் சட்ட ஆட்சியில் ஆணை போட்டு உண்டாக்கியவரே அவருடைய அப்பா, அதிபர் ஃபெர்டினண்ட் மார்க்கோஸ். மகள்தான் அதன் தலைவர். 1977-ல் ஐமி பேசிய ஒரு கூட்டத்தில் ஆர்க்கிமிடிஸ் ட்ரஹானோ என்ற 21 வயது மாணவர் எழுந்து, அந்தப் பதவி அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டார். பிடித்துக்கொண்டு போனார்கள். சித்திரவதைத் தழும்புகளோடு பிணமாகத்தான் கிடைத்தார். அவருடைய தாய் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஐமி எதிர்வழக்காடவில்லை, 40 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பானது. அழைப்பாணை ஐமியிடம் முறையாகச் சேர்க்கப்படவில்லை என்ற காரணத்தால் 2006-ல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்ற முடியாமல் செய்துவிட்டது. இது எதுவும் தங்களுக்குத் தெரியாதது அல்ல. பிறகு எப்படி அந்த வரி அச்சேறியது?

ஆளுநர் நாற்காலியையும் பாருங்கள். 1971 முதல் 1983 வரை ஐமியின் அத்தை எலிசபெத். அவருக்குத் துணை ஆளுநராக இருந்த ஐமியின் தம்பி போங்போங் அடுத்து ஆளுநர். 1986 மக்கள் எழுச்சியில் குடும்பமே நாட்டைவிட்டு ஓடியது. 1998-ல் மறுபடியும் அதே தம்பி. 2007-ல் அத்தை மகன் மைக்கேல் கியோன். 2010-ல் தேர்தலில் அவரைத் தோற்கடித்து ஐமி. 2019-ல் ஐமியின் மகன் மேத்யூ. வாரிசு அரசியலைத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசியல் சட்டம் சொல்கிறது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் பல பத்தாண்டுகளாக இயற்றவே இல்லை. கிராம இளைஞர் மன்றங்களுக்கு மட்டும் 2016-ல் தடை கொண்டுவந்தார்கள்.

நான் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவன். எங்களோடு இருந்த சமையல்காரர் அந்த மாகாணத்துப் படாக் ஊர்க்காரர், மார்க்கோஸ் குடும்பத்தின் தீவிர விசுவாசி. கேபினில் பழைய அதிபரின் படத்தை மாட்டியிருப்பார். சாலை போட்டார்கள், மின்சாரம் கொடுத்தார்கள் என்று மணிக்கணக்கில் சொல்வார். அவர்கூட 'சொந்த உழைப்பு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கள் ஊரில் அது அவர்கள் வீட்டு நாற்காலி" என்றுதான் சொல்வார். அங்கே பிறந்து வளர்ந்த விசுவாசி கூசாமல் ஒப்புக்கொண்டதை இங்கே நீங்கள் ஏன் மறைக்க வேண்டும்?

பழைய அதிபரின் மனைவி இமெல்டா குவித்து வைத்திருந்த செருப்புகளைப் பற்றி எத்தனையோ முறை எழுதினீர்கள். ராணுவச் சட்டக் காலத்தில் காணாமல் போனவர்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கியதில்லை. 2016-ல் மார்க்கோஸின் உடலை மாவீரர் மயானத்தில் அடக்கம் செய்தபோது நான் அனுப்பிய நீண்ட கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். அப்பா காலத்திலிருந்து இந்தப் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் வேண்டுமென்றால் சுருக்குங்கள். அந்த மாணவரின் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
தூத்துக்குடி.