படம் போட்டால் அளவையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெர்ஃபார்மன்ஸ் கார்களுக்கு அகலமான வீலும் டயரும் மாட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. டயர் அகலம் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் ரிம்மின் ஆஃப்செட் எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை. கதவு எண் இல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது மாதிரிதான் இது.

ஹப்பில், அதாவது காரில் சக்கரத்தை மாட்டும் சுழலும் நடுப்பகுதியில், போய் உட்காரும் ரிம்மின் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். பெரும்பாலான ரிம்களில் ‘ஈ.டி.’ என்று போட்டு மி.மீ. கணக்கில் பொறித்திருப்பார்கள். ஒரு கார் 7.5 இன்ச் அகலம், ஈ.டி. 45 ரிம்மோடு கம்பெனியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 9 இன்ச் ரிம் போட ஆசை. ஈ.டி. 45-ஆகவே வாங்கினால், கூடுகிற ஒன்றரை இன்ச் உள்ளே 19 மி.மீ., வெளியே 19 மி.மீ. என்று சரிபாதியாகப் பிரியும். பல கார்களில் உள்பக்கம் அவ்வளவு இடம் இருக்காது. ஷாக் அப்சார்பரில் போய் முட்டும். ஈ.டி. எண் குறைந்தால் ரிம் வெளியே தள்ளும். சரி, ஈ.டி. 35 வாங்கினால்? உள்ளே 9 மி.மீ.தான் கூடும், ஆனால் வெளியே 29 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். இப்போது ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடு) விளிம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ரிம் அகலம் அதே, டயரும் அதே. வெறும் பத்து மில்லிமீட்டரில் சிக்கல் உள்ளேயிருந்து வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் அகலத்தை மட்டும் சொன்னால் போதாது என்கிறேன்.

வெளியே தள்ளுவதால் ஃபெண்டர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிப்போகிறது. கார் வடிவமைப்பாளர்கள் கணக்குப் போட்டு வைத்த தூரம் அது. அது மாறினால் மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங் கையை வெட்டும். முன்சக்கரங்களை எஞ்சின் இழுக்கும் காராக இருந்தால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். வீல் பேரிங்கில் விழும் சுமையும் கூடும்.

உரசல் என்றால் சத்தம் வரும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தெரிந்தவர் ஒருவரின் காரை வெளியிலிருந்து பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிப் புரட்டினால், டயரின் உள்பக்கச் சுவரில் விரல் அகலத்துக்குச் சுற்றிலும் ஒரு வளையம் தேய்ந்து பளபளத்தது. நேரே மேலே, ஸ்பிரிங் உட்காரும் தட்டின் விளிம்பில் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. நேராக ஓடும்போது அங்கே இடைவெளி இருந்தது. வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது டயர் சுவர் பிதுங்கி, அந்த இடைவெளியைத் தின்றுவிட்டது. டயரின் பக்கச்சுவர் தரையில் படும் பகுதியைவிட மெல்லியது. அது தேய்ந்து உள்ளிருக்கும் நூல் வெளியே வந்தால், வேகத்தில் டயர் வெடிக்கும்.

கார் நிற்கும்போது கண்ணால் பார்ப்பது சோதனையே அல்ல. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைச் சஸ்பென்ஷன் முட்டும் வரை மேலே ஏற்றி, அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் களிமண்ணை ஒட்டிவைத்தால், எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பது அதில் பதிந்துவிடும்.

அகலம் கூடினால் தரையில் படும் பரப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று கட்டுரை சொன்னது சரியல்ல. காரின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம். எடையும் அழுத்தமும் மாறாவிட்டால் பரப்பும் ஏறக்குறைய அதேதான். வடிவம் மாறுகிறது: நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. அந்த வடிவத்தால் திருப்பத்தில் டயர் சட்டென்று பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதே வடிவம் தேங்கிய தண்ணீரில் எதிரியாகிறது. டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீர் கூடுவதால், குறைந்த வேகத்திலேயே தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். மழையைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

விட்டத்தை எளிதாகச் சரிபார்க்கலாம். டயர் அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் இன்ச்சில் ரிம்மின் விட்டம். 225/45 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 634 மி.மீ.; 255/40 ஆர் 17 என்றால் 636. ஸ்பீடோமீட்டருக்குத் தொந்தரவு இல்லை. அந்த 40-ஐ 45 ஆக்கினால் 661 ஆகிவிடும், பல இடங்களில் உரசக்கூடும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் காரில் முன் பின் டயர்களின் விட்டம் வேறுபட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

அகலமான டயரே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நல்ல ரப்பர் உள்ள டயரும் எடை குறைந்த 8.5 இன்ச் ரிம்மும் கிடைத்தால், படத்துக்கு எடுப்பாக இருக்கும் கனமான 9.5 இன்ச் ரிம்மை நான் திரும்பியும் பார்க்கமாட்டேன். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, பள்ளத்தில் இறங்கி ஏறும் சக்கரம் தரையோடு ஒட்டி ஓடத் திணறும். அப்புறம் அகலம் இருந்து என்ன பயன்?

எனவே என் கோரிக்கை இது. இனி இப்படி ஒரு காரின் படத்தைப் போடும்போது ரிம் அகலம், ஆஃப்செட், டயர் அளவு, ஒரு சக்கரத்தின் எடை ஆகிய நான்கையும் படத்தின் கீழேயே போடுங்கள். ஃபெண்டர் விளிம்பை மடக்கியிருந்தாலோ, கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) மாற்றியிருந்தாலோ, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு வைத்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். சென்ற இதழ் அட்டைப்படக் காரின் விவரம் உங்களிடம் இருந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடலாம். அந்தப் படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ‘இதே மாதிரி வேணும்’ என்று பலர் டயர் கடைக்குப் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்