லீசே டாவிட்சென் இசை மாலைப்பொழுதுக்குத் தோள்கொடுத்த உங்களுக்கு

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

ஒஸ்லோவில் கடந்த சனிக்கிழமை நாங்கள் ஒழுங்கு செய்த இசைமாலைக்கு வந்தவர்களுக்கும், அது நடக்க உழைத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நோர்வேயின் சொப்ரானோ (பெண்குரல்களில் மிக உயர்ந்த வகை) பாடகி லீசே டாவிட்செனின் ஆரம்ப ஆண்டுகளைப் பற்றி மட்டுமே பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது, உச்சிக்கு வந்த பிறகு பாடியவற்றைப் போட்டால் கூட்டம் சேருமே என்று சிலர் சொன்னார்கள். அந்த ஆரம்பத்தைக் கேட்பதற்கு மண்டபம் நிறைய ஆட்கள் வந்திருந்ததைப் பார்த்து நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் நன்றி, இங்கே சேர்ந்திசைக் குழுவில் பாடும் அக்காவுக்கு. 1987இல் பிறந்து, ஸ்டொக்கே என்ற சிறிய ஊரில் வளர்ந்த டாவிட்சென், 15 வயதில்தான் பாட்டும் கிற்றாரும் முறையாகப் பழகத் தொடங்கினார். பேர்கனில் கிரீக் அகடமி என்ற இசைக் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் மெசோ சொப்ரானோ, அதாவது சொப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த குரல். ஜேர்மன் இசையமைப்பாளர் பாஹின் இசையைப் பாட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பிறகு கொப்பன்ஹேகனில் ஆசிரியை சூசன்னா ஈக்கன், இது மெசோ குரல் அல்ல, சொப்ரானோ என்று அடையாளம் கண்டார். இதற்கு என்ன அர்த்தம் என்பதை அக்கா வாயால் சொல்லிவிட்டு நிற்கவில்லை. பியானோவுக்கு முன்னால் இருந்து ஒரே வரியைக் கீழேயும் மேலேயும் பாடிக் காட்டினார். கீழே அந்த வரி அடங்கிக் கிடந்தது. மேலே போனதும் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எட்டுற சுரம் முக்கியமில்லை, களைக்காமல் எங்க நிக்குது எண்டுதான் பாக்கவேணும்" என்று அவர் சொன்னதைப் பல பிள்ளைகள் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

பழகிய பாட்டுகளை விட்டுவிட்டு, இருபதுகளில் குரலைத் திரும்பவும் அடியிலிருந்து கட்டுவது லேசான காரியமில்லை. ஆறுதலாகக் காத்திருந்த அந்த ஆசிரியைக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன். 2014இல் டாவிட்செனின் படிப்பு முடிந்தது. 2015இல் லண்டனில் நடந்த ஒப்பெராலியா என்ற இளம் ஒப்பராப் பாடகர் போட்டியில் முதற்பரிசும் ரசிகர் பரிசும், சுவீடன் பாடகி பிர்கிற் நில்சன் பெயரிலான பரிசும் கிடைத்தன. அதே ஆண்டு எங்கள் ஒஸ்லோவில் அரசி சோன்யா இசைப் போட்டியிலும் அவரே வென்றார்.

ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'டான்ஹொய்சர்' ஒப்பராவில் (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) நாயகி எலிசபெத் நெடுநாளைக்குப் பிறகு பாடல் மண்டபத்துக்குள் நுழைந்து அதை வாழ்த்துகிற பாட்டை வரிவரியாகத் தமிழாக்கித் தந்த, ஜேர்மனியில் படித்த தம்பிக்குத் தனியாக நன்றி. முதல் வாழ்த்து முழங்கி ஓய்ந்து, அவள் நேசிக்கும் பாடகன் டான்ஹொய்சர் போன பிறகு இந்த மண்டபம் வெறிச்சோடிக் கிடந்தது என்ற இடத்தில் குரல் தணியும். அர்த்தம் தெரிந்து கேட்டதால் அந்த இடத்தில் ஒருவரும் அசையவில்லை. "மைக் எங்க அங்கிள்?" என்று ஒரு சின்னவர் கேட்டார். மைக் கிடையாது ராசா. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் வெறுங்குரல்தான் போகிறது.

அந்தக் காலத்து நோர்வே சொப்ரானோ கிர்ஸ்ரன் பிளாக்ஸ்ராட்டின் பழைய இசைத்தட்டுகளை இரவல் தந்த ஓய்வுபெற்ற இசை ஆசிரியருக்கும் நன்றி. பிளாக்ஸ்ராட் நியூயோர்க்கின் மெற்றொபொலிற்றன் ஒப்பராவில் முதன்முதலாகப் பாடியது 1935இல், 39 வயதில். டாவிட்சென் அங்கே போனது 2019இல், 32 வயதில். அதே ஆண்டுக் கோடையில், ஜேர்மனியில் வாக்னர் விழா நடக்கும் பைரொய்ற்றில் எலிசபெத்தாக நின்றார். பரிசு கிடைத்த கையோடு புரூன்ஹில்ட, இசோல்ட என்று வாக்னரின் பாரமான பாத்திரங்களுக்கு அவர் பாயவில்லை. பாட்டுப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒலிபெருக்கி தந்த அண்ணாவுக்கும், ரோல்ஸும் தேநீரும் செய்து வந்த அக்காமாருக்கும், எல்லோரும் போன பிறகு நின்று கதிரைகளை அடுக்கிய இளையோருக்கும் எங்கள் அன்பு. தமிழாக்கத் தாள் கிடைக்காதவர்கள் சொல்லியனுப்புங்கள். இன்னும் சில பிரதிகள் என்னிடம் இருக்கின்றன.