ஒரு வரிப் பதில் போதும்: இலக்கிய இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பதினொரு மாதங்களாகப் பதில் வராத என் சிறுகதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சென்ற வாரம் ஓர் இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. அந்தக் கதையை இரண்டாம் மாதமே நிராகரித்துவிட்டார்களாம். ஏற்காத படைப்புகளுக்குத் தகவல் சொல்வது வழக்கமில்லையாம். இதழின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனெனில் இந்த வழக்கம் அந்த ஓர் இதழோடு நிற்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கதை நிராகரிக்கப்பட்டதில் எனக்குக் குறையில்லை. எதை வெளியிடுவது என்பது முழுக்க உங்கள் உரிமை. ஆனால் பரிசீலனையில் இருக்கும் படைப்பை வேறெங்கும் அனுப்பக் கூடாது என்ற உங்கள் விதியை மதித்து, எவரும் பரிசீலிக்காத ஒரு கதையை ஒன்பது மாதங்கள் பூட்டிவைத்திருந்தேன். முடிவு எடுத்த அன்றே 'ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே.

அந்த மாதங்களில் நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகும் எனக்கு எழுதக் கிடைப்பது விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான். ஒரு புதிய செயல் பழக்கமாக ஊறுவதற்கு 18 முதல் 254 நாட்கள் வரை, நடுத்தரமாக 66 நாட்கள் ஆவதாக, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் பழக்கிக்கொண்டவை பழம் உண்பது, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள். எழுத்து அத்தனை எளிதில் படிவதில்லை. எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடாது என்றும் அதே ஆய்வு சொல்கிறது, அதை நானும் கண்டிருக்கிறேன். என் பழக்கத்தைக் குலைத்தது தவறிய நாள் அல்ல, வராத பதில். கதை தேறவில்லை என்று தெரிந்தால் திருத்த உட்காரலாம், தேறியது என்று தெரிந்தால் அடுத்த கதைக்குப் போகலாம். இரண்டும் தெரியாத நிலையில், அனுப்பிய பிரதியை இனி மாற்ற முடியாது என்று தெரிந்தே, அதன் கடைசிப் பத்தியைப் பதினான்கு முறை மாற்றி எழுதினேன். அடுத்த கதை மூன்றாம் பக்கத்திலேயே நின்றது. ஏழாம் மாதத்தில் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன்.

தினமும் எழுதுங்கள் என்று எங்களுக்கு அறிவுரை கூறுகிறீர்கள். அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே காலை 5:30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப்பைப் போன்றவர்களை முன்மாதிரியாகக் காட்டுகிறீர்கள். பிறகு, புதியவர்கள் ஒன்றிரண்டு கதைகளோடு காணாமல் போகிறார்கள் என்று தலையங்கத்தில் வருந்துகிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து ஓய்ந்தார்கள் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தீர்களா? ஒழுங்கு எழுதுகிறவருக்கு மட்டும்தான் உரியதா?

சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ஊதியமின்றி, சொந்த வேலை முடிந்த இரவுகளில் குவியல் குவியலாகக் கதைகளைப் படிக்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆகவே விரிவான விமர்சனத்தைக் கேட்கவில்லை, காரணம்கூடக் கேட்கவில்லை. ஏற்றாலும் மறுத்தாலும் மூன்று மாதங்களுக்குள் ஒரு வரிப் பதில் அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். அது இயலாதெனில், அந்தக் கெடு முடிந்ததும் படைப்பை வேறிடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று உங்கள் விதிமுறையிலேயே எழுதிவையுங்கள். படைப்புகள் குவிந்து மூச்சுத் திணறும் மாதங்களில் வாயிலைச் சாத்திவிட்டாலும் நாங்கள் புரிந்துகொள்வோம். திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் பக்கத்தில் நின்ற அந்தக் கதையை இந்த வாரம் மீண்டும் எடுத்திருக்கிறேன். முடிந்ததும் உங்களில் ஒருவருக்கே அனுப்புவேன். அதற்கு மட்டுமாவது, தயவுசெய்து, மூன்று மாதங்களுக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

பணிவுடன்,
உங்கள் பதிலுக்காகக் காத்திருந்த ஓர் எழுத்தாளர்